சளி இருமல்: நான் கற்ற பாடம்

(நம் சங்கத்தின் மழைக்காலக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இருமலைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், என் வீட்டில் நான் செய்த இரண்டு தவறுகள்.

முதலாவது: போன மழைக்காலத்தில் என் பேத்திக்கு எட்டு மாதம். சளி பிடித்து ராத்திரியெல்லாம் இருமினாள். "நாங்களெல்லாம் தேன் நக்கி வளர்ந்தவர்கள்தானே" என்று தேன் பாட்டிலை எடுத்தேன். மருமகள் தடுத்துவிட்டாள். "சரி, பேரனுக்கு வாங்கிய சிரப் மிச்சம் இருக்கிறதே" என்றேன். "வேண்டாம் மாமா, காலையில் டாக்டரிடம் போகலாம்" என்றாள். எனக்குக் கோபம். அன்று ராத்திரி நான் அவளிடம் பேசவில்லை.

காலையில் டாக்டர் விளக்கினார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். அபூர்வம்தான்; வந்தால் உயிருக்கே ஆபத்து.

சிரப்பும் அப்படித்தான். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது. ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

அப்படியானால் என்ன செய்வது? சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. கைக்குழந்தைக்கு அடிக்கடி தாய்ப்பாலும், மூக்கில் உப்புநீர்ச் சொட்டும் போதும். ஒரு வயது தாண்டியவர்களுக்குப் படுக்கும்முன் ஒரு ஸ்பூன் தேன் இதம் தரும். பெரியவர்கள் வெந்நீர், சுக்குக் கஷாயம் குடிக்கலாம், உப்புநீரில் கொப்பளிக்கலாம், தலையைச் சற்று உயர்த்திப் படுக்கலாம். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்தில் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துபோகும்.

இரண்டாவது தவறு என் விஷயத்தில். எனக்கே ஒன்றரை மாதம் வறட்டு இருமல். "சளி இருமல்தானே" என்று கஷாயமாகக் குடித்துத் தள்ளினேன். கடைசியில் பார்த்தால், புதிதாகத் தொடங்கிய ராமிப்ரில் என்ற பிபி மாத்திரைதான் காரணம். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்த பிறகு அடங்கியது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வங்கியில் தேதி போடாமல் எந்தத் தாளும் நகராது. இருமலுக்கும் தேதி போடுங்கள். தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போய்விடுங்கள். காசநோயாகவும் இருக்கலாம், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

என் மருமகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று தடுத்ததற்குச் சபையில் வைத்தே சொல்கிறேன்: நீ செய்ததுதான் சரி, அம்மா.