கௌபாயும் கட்டுக்கதையும்: லாரி மெக்மர்ட்ரி நினைவுரை

அமெரிக்க நாவலாசிரியர் லாரி மெக்மர்ட்ரி 2021 மார்ச் 25 அன்று, தமது 84ஆவது வயதில் காலமானார். கௌபாய்களைப் பற்றி எழுதிய ஒருவரை இடதுசாரி மேடை ஏன் நினைவுகூர வேண்டும் என்ற கேள்வி எழலாம். அவர் மார்க்சியவாதி அல்லர். ஆயினும், ஆளும் வர்க்கம் போற்றி வளர்த்த கட்டுக்கதை ஒன்றை உள்ளிருந்தே எதிர்த்தவர்.

எவருக்கும் அடங்காத தனி வீரனாகவே கௌபாயை ஹாலிவுட் உலகுக்குக் காட்டியது. உண்மையில் அவன் பிறருடைய மந்தையை மாதக் கூலிக்கு ஓட்டிச் சென்ற தொழிலாளி. 1883இல் வடமேற்கு டெக்சாஸின் கௌபாய்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். பண்ணை முதலாளிகள் அதனை முறியடித்தனர். 1886இல் அமெரிக்கா சென்ற மார்க்சின் மகள் எலினாரும் எட்வர்ட் அவெலிங்கும், அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கம் பற்றிய தம் நூலில் கௌபாய்களுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினர்.

மெக்மர்ட்ரி டெக்சாஸில் கால்நடைப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். புத்தகமே இல்லாத வீடு அது. போருக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற 19 புத்தகங்களே அவருடைய முதல் நூலகம்.

1985இல் வெளிவந்த ‘லோன்சம் டவ்’ நாவல் அவருக்குப் புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்தது. முன்னாள் டெக்சாஸ் ரேஞ்சர்கள் இருவர், மெக்சிகோ எல்லை தாண்டித் திருடிய மாடுகளுடன் மந்தை சேர்த்து, மொன்டானா வரை ஓட்டிச் செல்கின்றனர். வழியில், குதிரைத் திருடர்களும் கொலைகாரர்களுமான ஒரு கும்பலோடு சேர்ந்துவிட்ட தம் பழைய நண்பனை அவர்களே தூக்கிலிடுகின்றனர். தாம் திருடினால் சொத்து. பிறர் திருடினால் குற்றம்! பயணத்தின் முடிவில் மிஞ்சுபவை வழிநெடுகத் தோண்டிய புதைகுழிகளே.

எனினும் வாசகர்கள் அந்நாவலையும் வீரகாவியமாகவே கொண்டாடினர். மெக்மர்ட்ரிக்கே இது மனக்குறையாக இருந்தது. பழங்குடி மக்களைப் பெரும்பாலும் வெள்ளையர் கண்வழியாகவே நாவல் காண்கிறது என்ற குறையும் இதற்கு இடமளித்தது. அம்மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட வரலாற்றை மறைக்க அக்கட்டுக்கதை தேவைப்படும் வரை, ஒரு நல்ல நூல் மட்டும் அதனை வீழ்த்திவிட முடியாது.

ஆயினும் அவர் ஓயவில்லை. ஆடு மேய்க்கும் கூலி வேலைக்கு வந்த இரு ஆண்களின் காதலைச் சொல்லும் ‘புரோக்பேக் மவுண்டன்’ திரைக்கதைக்காக, டயானா ஒசானாவுடன் இணைந்து 2006இல் ஆஸ்கர் விருது பெற்றார். 1989 முதல் 1991 வரை ‘பென்’ எழுத்தாளர் அமைப்பின் அமெரிக்க மையத் தலைவராக இருந்தபோது, 1952ஆம் ஆண்டின் மெக்காரன்-வால்டர் சட்டத்தை எதிர்த்துப் போராடினார். கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு விசா மறுக்கத் துணைநின்ற சட்டம் அது. காப்ரியேல் கார்சியா மார்க்வெஸும் அதனால் பாதிக்கப்பட்டார். தாம் கம்யூனிஸ்டாக இல்லாதபோதும், கம்யூனிஸ்டுகளின் பேச்சுரிமைக்காகவும் சேர்த்தே மெக்மர்ட்ரி குரல் கொடுத்தார்.

தோழர்களே! திரையில் குதிரைமீது வரும் அந்த மனிதனை இனிக் காணும்போது, அவனுக்குக் கூலி கொடுத்தவர் யார், அவன் காலடியில் இருந்த நிலம் யாருடையது என்று கேட்போம். அதுவே மெக்மர்ட்ரிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.