சவர்க்காரத்தில் மிஞ்ச வேண்டிய எண்ணெய்

(டிவிஷன் மாதர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

மலையிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டு சாமான் விலை ஏறினபோது ஒரு கட்டி சவர்க்காரம் வாங்கவே யோசித்தோம். அதிலிருந்து நம்ம லயங்களில் சிலர் வீட்டிலேயே சவர்க்காரம் செய்து வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் போன மாதம் இரண்டு அக்காமார் என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினார்கள. தோல் சிவந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கொழுந்து எடுக்கிற கை. கறை போகத் தேய்த்த சவர்க்காரமே கையைப் பதம் பார்த்துவிட்டது. அதற்கு அளவு எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஆகவே அந்தக் கணக்கை உங்கள் முன்னால் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டியது என் கடமை.

சவர்க்காரத்துக்கு வேண்டியது எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும். தண்ணீர், சோடாவைக் கரைக்கத்தான். சோடா எண்ணெயைத் தின்று சவர்க்காரமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணெயை எவ்வளவு தின்னும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சவர்க்காரமாக ஏறக்குறைய 183 கிராம் சோடா வேண்டும். பாம் எண்ணெய்க்கு 142 கிராம் அளவில் போதும். நல்லெண்ணெய்க்கு அதைவிடவும் குறைவு, 134 கிராம் அளவில். அடுத்த காம்பரா அக்கா தேங்காய் எண்ணெய்க்குப் போட்ட சோடாவை நீங்கள் பாம் எண்ணெய்க்குப் போட்டால் சோடா தின்ன எண்ணெய் இல்லாமல் மிஞ்சும். மிஞ்சின சோடா பிறகு நம்ம தோலைத்தான் தின்னும்.

சரியாக 183 கிராம் போட்டால் இரண்டும் மிஞ்சாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு எண்ணெய் கொஞ்சம் வித்தியாசம், தராசுக்குத் தராசு வித்தியாசம். அதனால் வேண்டுமென்றே சோடாவைக் குறைத்து, கொஞ்சம் எண்ணெயைத் தின்னப்படாமல் விட்டுவைக்கிறோம். இதைத்தான் சூப்பர்ஃபெட் என்கிறார்கள். நாம் 'மிச்ச எண்ணெய்' என்று சொல்வோமே. நூற்றுக்கு 5 வீதம் மிச்ச எண்ணெய் என்றால் 183இல் 5 வீதத்தைக் கழித்து 174 கிராம் சோடா. 20 வீதம் என்றால் 146 கிராம். எண்ணெயின் அளவு அதே 1 கிலோதான், குறைவது சோடா மட்டும்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். 'ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், 130 கிராம் சோடா' என்று எழுதிக் கொடுத்தேன். போத்தல் 750, அதை 750 கிராம் என்று எடுத்து, 5 வீதம் மிச்சம் விட்டுப் போட்ட கணக்கு அது. ஆனால் போத்தலில் இருப்பது 750 மில்லிலீற்றர். எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. ஒரு போத்தல் எண்ணெயை நிறுத்தால் ஏறக்குறைய 690 கிராம்தான் வரும். அதற்கு மிச்சமே இல்லாமல் போட்டாலும் 126 கிராம் சோடாதான் வேண்டும். நான் விட்ட மிச்சமெல்லாம் போய், அதற்கு மேல் 4 கிராம் சோடா சும்மா நின்றது.

கொழுந்தை நிறுக்காமல் கூடைக் கணக்கில் பெயர் போட்டால் நீங்கள் விடுவீர்களா? அரைக் கிலோ குறைந்தாலும் தராசடியில் சத்தம் போடுகிறோம். அதே கண்டிப்பு எண்ணெய்க்கும் வேண்டும். எண்ணெய், சோடா, தண்ணீர் மூன்றையும் நிறுத்தே போட வேண்டும். போத்தல், கரண்டி, சிரட்டை எதுவும் வேண்டாம்.

இன்னொரு பிழையும் இருந்தது. தனித் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், அழுக்கையும் எடுக்கும். அதோடு தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போகும். அதற்கு 5 வீதம் மிச்சம் காணாது. உடம்புக்கு என்றால் 20 வீதம் விடுங்கள். பாம் எண்ணெயோ நல்லெண்ணெயோ கலந்து செய்கிறவர்களுக்கு 5 முதல் 8 வீதம் போதும். அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அது கழுவப்படாமல் நாள் முழுக்கத் தோலில் கிடக்கும், ஆகவே மிச்சம் உள்ள கட்டியையே பூசுங்கள். துணி தோய்க்க 2, 3 வீதத்துக்கு மேல் வேண்டாம். மிச்ச எண்ணெய் துணியில் பிடித்து மங்கலாக்கும்.

அப்படியானால் 30, 40 வீதம் விட்டால் இன்னும் நல்லதா என்று ஒரு தங்கச்சி கேட்டார். கட்டி குழையும், நுரை குறையும், நாளாக ஆக எண்ணெய் சிக்கு வாடை அடித்து மஞ்சள் புள்ளி விழும். நம்ம ஊர் ஈரத்தில் அது சீக்கிரமே வரும்.

வேப்பெண்ணெயைக் கடைசியில் ஊற்றினால் அதுதான் மிச்சமாக நிற்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். அடுப்பில் வேக வைக்காத சவர்க்காரத்தில் அப்படி நடக்காது. கலவை இறுகுகிற நேரத்திலும் சோடா வேலை செய்துகொண்டுதான் இருக்கும், எந்த எண்ணெய் கிடைத்தாலும் தின்னும். வேப்பெண்ணெயையும் முதலிலேயே நிறுத்துக் கணக்கில் சேருங்கள்.

சோடாவைப் பற்றி நான் எப்போதும் சொல்வதுதான். தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அலுமினியச் சட்டி ஆகாது. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வெளி முற்றம். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பா மூடி இறுக்கமாக, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வெட்டின கட்டிகளைக் காற்றோட்டமாக 4 முதல் 6 கிழமை வைத்துவிட்டு எடுங்கள். ஆனால் ஒன்று, சோடா கூடிப்போன கட்டியை எத்தனை கிழமை வைத்தாலும் அதை நம்பித் தோலில் போட முடியாது.

அந்தக் கட்டிகளை வீசவும் தேவையில்லை. கையுறை போட்டுத் துருவி, கொஞ்சம் தண்ணீரும் குறைந்த எண்ணெயும் சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கிக் கிண்டலாம். ஒரு போத்தலில் செய்த கட்டிகளுக்கு 20 வீதம் மிச்சம் வர ஏறக்குறைய 200 கிராம் எண்ணெய் வேண்டும். அந்த இரண்டு அக்காமாரின் கட்டிகளை வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு என் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் உருக்கப் போகிறோம். எண்ணெய் என் செலவு. இன்னும் யாரிடமாவது நான் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டு இருந்தால் அன்றைக்குக் கொண்டுவாருங்கள், திருத்தித் தருகிறேன். தராசும் அங்கே இருக்கும். பிள்ளைகளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.