மைதானத்துக்கும் கிளினிக்குக்கும் நடுவே



கிரிக்கெட் ஆட்டத்தில் யாராவது அடிபட்டு விழுந்தால், எல்லைக் கோட்டுக்கு அப்பாலிருந்து பையோடு ஒருவர் ஓடி வருவார். ‘பிசியோ வந்துட்டார்’ என்போம். அந்த நேரத்துக்கு முதலுதவி செய்வது, பிறகு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் தேற்றுவது என்று பெரும்பாலும் இரண்டும் அவர் தலையில்தான். அமெரிக்காவில் இதை இரண்டு தொழில்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் நிற்பவர் அத்லெடிக் ட்ரெய்னர். கிளினிக்கில் இருப்பவர் பிசிகல் தெரபிஸ்ட், அதாவது நம் பிசியோதெரபிஸ்ட். இருவருக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, உரிமம் வேறு. இரண்டையும் பட்ட மேற்படிப்பில் சேர்த்தே படிக்கவும் அங்கே சில பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. அந்த இரட்டைப் படிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இரண்டு தொழில்களும் பிறந்த இடமே வேறு. முதல் உலகப் போரில் கை கால் முடங்கித் திரும்பிய சிப்பாய்களை மறுபடி நடக்க வைத்த பெண்களிடமிருந்து வந்தது அமெரிக்க பிசியோதெரபி. 1921-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மேரி மக்மில்லன் அதன் முதல் தலைவர். அத்லெடிக் ட்ரெய்னர்களோ கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளோடு வளர்ந்தவர்கள். அவர்களுடைய தேசியச் சங்கம் 1950-இல் கான்சஸ் சிட்டியில் உருவானது. இதுவும் ஒரு சுகாதாரத் தொழில்தான் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொள்ள 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிசிகல் தெரபிஸ்ட் ஆக இன்று அங்கே முனைவர் நிலைத் தொழிற்பட்டம் வேண்டும். இளநிலைப் பட்டம் முடித்தபின் சுமார் மூன்று ஆண்டுகள். அத்லெடிக் ட்ரெய்னருக்கு முன்பெல்லாம் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. 2022-க்குப் பிறகு இளநிலை வகுப்புகளில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. இப்போது முதுநிலைப் பட்டம் கட்டாயம், அது சுமார் இரண்டு ஆண்டுகள். தனித்தனியாகப் படித்தால் ஐந்து ஆண்டுகள் ஆகும். உடற்கூறியல், தசைகளின் இயக்கம், மூட்டைத் தொட்டுச் சோதிக்கும் முறை ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதால், சேர்த்துப் படிப்பவர்களுக்குக் கொஞ்ச காலம் மிச்சமாகும்.

பொதுப் பாடங்களைத் தாண்டிவிட்டால் இரண்டும் வெவ்வேறு உலகம். அத்லெடிக் ட்ரெய்னர் நிமிடக் கணக்கில் முடிவெடுக்கப் பழகுகிறார். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் மோதலுக்குப் பின் எழுந்து நின்றார், அடுத்த கணமே சரிந்தார். மார்பில் பட்ட அடியில் இதயம் நின்றுபோயிருந்தது. உடனே அவர் மார்பை அழுத்தத் தொடங்கியவர் அணியின் உதவி அத்லெடிக் ட்ரெய்னர் டென்னி கெல்லிங்டன். ஹாம்லின் பிழைத்தார், அதே ஆண்டு மறுபடி ஆடவும் வந்தார்.

வெப்பத் தாக்கமும் அப்படித்தான். 2001-இல் மினசோட்டா கால்பந்து அணியின் கோரி ஸ்டிரிங்கர் வெயிலில் பயிற்சி செய்து, உடல் வெப்பம் தாங்காமல் இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனம் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: முதலில் குளிர்வி, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவும் தடுமாறும் ஒருவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கினால் உயிர் தப்பும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த அரை மணி போய்விடும்.

பிசியோதெரபி மாணவரின் நாட்கள் வேறு மாதிரி. பக்கவாதம் வந்தவர், பார்கின்சன் நோயாளி, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டி என்று அவர் பார்க்கும் பலர் பந்தையே தொடாதவர்கள். முன்னேற்றம் அங்கே மெதுவாகத்தான் வரும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்து அறுவை செய்துகொண்டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். டெலவேர், ஆஸ்லோ ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலமும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மற்றக் காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

சிக்கல் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் வருகிறது. கிளினிக்கில் இருப்பவர் முழங்காலைப் பார்க்கிறார். மைதானத்தில் இருப்பவருக்கு முழங்காலோடு பயிற்சியாளரின் அவசரம், நெருங்கும் இறுதிப் போட்டி, உதவித்தொகை போய்விடுமோ என்ற மாணவரின் பயம் எல்லாம் தெரியும். ‘நான் எப்ப ஆடலாம்?’ என்ற கேள்விக்கு ஒருவர் ஒரு தேதியும் இன்னொருவர் வேறு தேதியும் சொன்னால், ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த தேதியை எடுத்துக்கொள்வார். இரட்டைப் படிப்பின் உண்மையான பயன் இந்த இடத்தில் இருக்கிறது. கிளினிக்கில் எடுத்த அளவு மைதானத்தில் எவ்வளவு தாங்கும் என்றும், மைதானத்தில் கண்ட தடுமாற்றத்துக்குக் கிளினிக்கில் எதைச் சோதிக்க வேண்டும் என்றும் இரண்டும் படித்தவருக்குத் தெரியும்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையா? இல்லை என்பேன். இரண்டு தேசியத் தேர்வுகள் எழுத வேண்டும். இரண்டு உரிமங்களையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். கல்விக் கடனும் ஏறும். இரண்டு பட்டம் இருக்கிறது என்பதற்காக யாரும் இரண்டு சம்பளம் தரப்போவதில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பிசிகல் தெரபிஸ்டின் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். அத்லெடிக் ட்ரெய்னருக்குக் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரி வேலைதான் விருப்பம் என்றால் பிசியோதெரபிப் பட்டமே போதும். பிற்பாடு விளையாட்டில் ஆசை வந்தாலும், விளையாட்டு பிசியோதெரபியில் தனிச் சிறப்புத் தேர்வு எழுத இடமிருக்கிறது.

அங்கே போய்ப் படிக்க நினைக்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் விண்ணப்பத்துக்கு முன் ஒரு காரியம் செய்யலாம். ஒரு வாரம் ஏதாவது ஓர் அணியின் பயிற்சியை வெயிலில் நின்று பாருங்கள். இன்னொரு வாரம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உட்கார்ந்து, ஒரே பயிற்சி நூறாவது தடவை நடப்பதைப் பாருங்கள். இரண்டில் ஒன்று அலுத்தால், அலுக்காததை மட்டும் படியுங்கள். இரண்டுமே அலுக்காதவர்களுக்காகத்தான் அந்த இரட்டைப் பட்டம் இருக்கிறது.