தில்லை தேடி நடந்த நாள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வட்டத்தின் பத்தாண்டுப் பணிகளைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். எனக்கு முன் பேசியவர்கள் அதனைச் செம்மையாகச் செய்துவிட்டார்கள். ஆதலின், சென்ற தைத் திங்களில் நண்பர்கள் ஐவர் மேற்கொண்ட ஒரு நடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது என் பிழை ஒன்றோடு தொடர்புடையது.

நம் முதலாண்டுக் கூட்டத்தில் தில்லை மரத்தைப் பற்றி ஒரு கவிதை படித்தேன். அம்மரம் சுரக்கும் பாலைத் தாய்ப்பாலுக்கு உவமித்திருந்தேன். கைத்தட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையிலிருந்து தாவரவியல் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “ஐயா தில்லை மரத்தைப் பார்த்ததுண்டா?” என்று கேட்டார். அவை சிரித்தது. சிதம்பரத்தில் பிறந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது என்றார் ஒரு நண்பர். நானும் சேர்ந்து சிரித்தேன். கேட்டவர் அதன்பின் நெடுங்காலம் நம் கூட்டங்களுக்கு வரவில்லை.

அவரைச் சென்ற மார்கழியில் கீழவீதியில் கண்டேன். பழையதை அவர் பேசவில்லை. “ஒரு ஞாயிறு வாருங்கள், காட்டுகிறேன்” என்றார், அவ்வளவுதான்.

கிள்ளையில் பேருந்தை விட்டிறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தோம். முன்பனிக் காலமாயினும் அன்று பனியின் கடுமை இல்லை, வெயிலும் சுடவில்லை. கழுத்தில் மப்ளர் சுற்றி வந்த நண்பர் சிறிது தொலைவிலேயே அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பா வயல்கள் முடிந்தன. உவர்நிலமும் உமரிச் செடிகளும் தொடங்கின.

பிச்சாவரம் என்றதும் நமக்குப் படகே நினைவுக்கு வருகிறது. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்துக்கும் அதில் பங்குண்டு. படகிற் செல்வோர் காண்பது சுரபுன்னையின் ஊன்றுவேர்களை. தில்லையோ பெரும்பாலும் காட்டின் நிலப்புற விளிம்பில் நிற்பது. நடந்து செல்வோர்க்கே முதலில் அகப்படுவது.

ஆசிரியர் ஒரு மரத்தருகே நின்றார். பெரிய மரமன்று. உதிரவிருந்த இலைகள் செம்மை பூத்திருந்தன. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்றார். நான் ஆர்வ மிகுதியால் ஒரு கிளையைப் பற்றினேன்.

“சார், அத ஒடிக்காதீங்க! பாலு கண்ணுல தெறிச்சா பார்வையே போயிடும்!”

கழியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறிய ஓர் அம்மையாரின் குரல் அது. ஓலைப் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டே அவர் கத்தியிருக்க வேண்டும். நான் கையை எடுத்துக்கொண்டேன். ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் வேறுபுறம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவியலாது.

தோலைப் புண்ணாக்கி, கண்ணைக் குருடாக்கவல்ல பாலைத் தாய்ப்பால் என்று பாடியிருக்கிறேன்! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் தில்லையும் உண்டு என்பதை மேடைதோறும் சொல்லியவன் நான். பெயரை ஊருக்குள் வைத்துக்கொண்டோம்; மரம் பத்துக் கல்லுக்கு அப்பால் நிற்கிறது.

மேலும் நடந்தோம். முன்னாளில் பகுதி பகுதியாகக் காடு முற்றும் வெட்டப்பட்ட இடங்களில் நிலம் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, உப்பேறி, கன்று முளைக்காமற் போனதாம். 1990களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டிக் கடல்நீர் வந்து மீள வழிசெய்து, கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது காட்டின் பின்னிருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாயிருந்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இவையெல்லாம் நம் வாசலில் நடந்தவை. நம் பல்கலைக்கழக ஆய்வாளர் கதிரேசன் கண்டறிந்த கலப்பினச் சுரபுன்னை ஒன்றுக்கு ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பெயர். நம் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு மரம் தாங்கி நிற்க, நம் பத்தாண்டுக் கவிதைகளில் அதைப்பற்றி ஓரடியும் எனக்கு அகப்படவில்லை. பைன் மரமும் பனிப்பொழிவும் ஏராளம்.

திரும்பும்போது ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அன்று நீங்கள் சிரித்ததுகூடப் பெரிதில்லை, வேறு யாரும் கேட்கவில்லையே என்றுதான் வருந்தினேன்” என்றார். இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அக்கவிதையை வெளிவரவிருக்கும் மலரில் சேர்க்க வேண்டாமென மலர்க்குழுவினரிடம் கேட்டேன். அந்த உவமையை மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்கிறார்கள். மும்முறை எழுதிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை.