அழிந்த உலகத்துக்கு செட் போட வேண்டியதில்லை

(அம்பத்தூரில், குறும்படம் எடுக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உலகம் அழிந்த பிறகு நடக்கிற சண்டைப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். கையில் காசில்லை, எஸ்டேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்றீர்கள். காசில்லாதது குறையே இல்லை. 1979இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் செலவு சுமார் நாலு லட்சம் ஆஸ்திரேலிய டாலர்தான். எடுத்த ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர்.

எனக்கு உறுத்துவது அந்த இடம்.

1981இல் ஜான் கார்பென்டர் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ எடுத்தார். பாழான நியூயார்க்கின் சில காட்சிகளை அவர் படம்பிடித்தது கிழக்கு செயின்ட் லூயிஸில். ஆலைகள் மூடி, வெள்ளையர் வெளியேறி, கறுப்பின மக்கள் எஞ்சியிருந்த ஊர். செட் செலவு மிச்சம். படத்தில் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் மேலே வரும்; நாம் பயப்பட வேண்டும். நம் ஊரில் அந்த மூடியைத் திறந்து உள்ளே இறக்கப்படுகிறவர் யார்? 2013இல் தடைச் சட்டம் வந்த பிறகும் யார் சாகிறார்கள்? முகமூடி கதாநாயகனுக்கு மட்டும்தான் போல.

இங்கிருந்து ரயிலேறினால் பெரம்பூர். அங்கே பின்னி மில் 1996இல் மூடியது. அதன்பின் எத்தனை தமிழ்ப் படச் சண்டைகள் அந்த இடிந்த சுவர்களுக்குள்! 1921 வேலைநிறுத்தத்தின்போது பக்கத்துப் புளியந்தோப்பில் ஆதி திராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. பழியை முதலாளி தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் வேலைக்குப் போன ஆதி திராவிடருக்கும் நடந்த மோதல் சாதி மோதலாகவே முடிந்தது. ஆதி திராவிடரை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொன்ன குரல் நீதிக்கட்சிக்குள்ளிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா அக்கட்சியை விட்டு விலகியதில் இதற்கும் பங்குண்டு. நாம் பேசத் தயங்கும் வரலாறுதான், ஆனால் நடந்தது. திரையில் அந்தச் சுவர் உடையும்போது வெறும் தூசி பறக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் தொடங்கியது. நீங்கள் பார்த்து வைத்த கம்பெனியிலும் யாரோ ஷிப்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். படம் எடுங்கள், சண்டையும் வையுங்கள். ஆனால் அந்த இடிபாட்டில் வாழ்கிறவரை வில்லனாக்கி, வெளியிலிருந்து பைக்கில் வருகிறவனை ரட்சகனாக்காதீர்கள். கேமராவை எடுத்துப் போகும் முன்னால் ஒரு நாள் சும்மா போங்கள். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் அதே கம்பெனியில் லேத் ஓட்டியவராகக்கூட இருக்கலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கடைசி நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள்.