வடிகால்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழிந்து ஓயும்போது, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவக ஊர்களில் வெள்ளம் வடிந்ததா என்று ஒருவரையொருவர் வினவுவது இயல்பு. அவ்வினாவிலுள்ள சொல் ஆராய்ந்து பார்த்தற்குரியது.

நீர் குறைதலைக் குறிக்கத் தமிழிற் பல சொற்கள் உள. வெயிலால் நீர் குன்றுவது வற்றுதல். துலா மிதித்துப் பட்டையால் வெளிக்கொணர்வது இறைத்தல். பள்ளம் நோக்கித் தானே மெல்ல இறங்கிச் செல்வது வடிதல். அது செல்லும் வழி வடிகால். இது வினைத்தொகை. இங்கே ‘கால்’ என்பது நீரோடும் வழி. வாய்க்கால், கால்வாய் என்பவற்றில் உள்ளதும் அதுவே.

‘வடி’ தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். வெள்ளம் வடிந்தது என்னுமிடத்து நீர் தானே நீங்குகின்றது. சோறு வடித்தாள் என்னுமிடத்தோ மனிதர் செயல் புலப்படுகின்றது. கஞ்சி நீங்கச் சோறு எஞ்சுகின்றது. வடிகட்டும்போது கசடு தங்கச் சாறு கிடைக்கின்றது. தெலுங்கரும் இதனை ‘வடகட்டு’ என்பர். ஆகவே வடிதல் இழப்பாகலாம். வடித்தலோ வேண்டாததை விலக்கி வேண்டியதைக் காத்தலாகும்.

இவ்வேறுபாடு தீவக மக்களுக்கு வெறும் இலக்கணமன்று, வாழ்வேயாகும். அங்கே ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறியிறங்கும் மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கிணறுகள் தருவது அந்நீரையே. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனவும், வேலணைக்கு லைடன் எனவும் தம் ஊர்ப் பெயர்களை இட்டவர் ஒல்லாந்தர். அந்நாட்டுப் பொறியியலாளர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பதே அது. மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர் அவ்வளவு மேலேறும்.

எனவே, மாரி வெள்ளத்தை வடிகால் வெட்டி விரைந்து கடலுக்கு அனுப்பினால், முற்றம் உலரும். கோடையிற் கிணறு உவர்க்கும். குளங்களிலும் கேணிகளிலும் தரவைகளிலும் நீரைத் தேக்கி, மிகுந்ததை மட்டும் போகவிடுதலே அறிவுடைமை. வடிய விடுதல் எளிது. வடித்துக் கொள்ளுதலே தீவுக்கு உயிர்.