கடன் தீர்ந்த பின்னரே பாகப்பிரிவினை

 

ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்துடன் கொடுக்கல் வாங்கல் உள்ளோர் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கும் நல்வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆனால் வீட்டையும் தோப்பையும் பங்கிடும் நாளில் அவ்வறிவிப்பு மறக்கப்பட்டு விடுகிறது. ரொக்கம் இல்லை என்று கூறிக் கடன்காரரைத் திருப்பி அனுப்புகிறோம். அசையாச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பானதே என்பதை நாம் உணர வேண்டும்.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள், வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், பின்னர், எஞ்சியதில் மூன்றிலொரு பங்குக்கு மிகாத வஸிய்யத், இறுதியிலேயே வாரிசுரிமை. மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதை மறந்துவிடலாகாது.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஷஹீதான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹுல் புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ளது. அன்னார் தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. நிலங்களும் வீடுகளுமே இருந்தன. மதீனாவில் மட்டும் 11 வீடுகள். கடனோ 22 இலட்சம். அமானிதமாகப் பொருள் கொண்டு வந்தோரிடம், அது தொலைந்துவிடலாகாதே என்றஞ்சி, கடனாகவே பெற்றுக்கொண்டதால் சேர்ந்த கடன் அது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) ‘ஃகாபா’ என்னும் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். சகோதரர்கள் பங்கு கேட்டபோதும் உடனே பிரிக்கவில்லை. கடன் பாக்கியுள்ளோர் வருமாறு நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பின்னரே பங்கிட்டார்கள்.

நம் நாட்டில் நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் தனியார் சட்டப்படி, இறந்த கணமே சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1885ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தியது. ஆயினும் ஒவ்வொரு வாரிசும் தாம் பெற்ற பங்கின் விகிதத்தில் கடனுக்குப் பொறுப்பாவார். தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தர வேண்டியதில்லை. அடமானக் கடன் சொத்தைத் தொடர்ந்து செல்லும். ஆனால் அடமானமில்லாக் கைமாற்றுக் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடருமுன், வாரிசு தம் பங்கை விற்றுவிட்டால், உரிய விலை கொடுத்து நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடமிருந்து அச்சொத்தைக் கடனுக்காக மீட்பது இயலாது. நம்பிக்கையின் பேரில் கொடுத்தவரே இதனால் நஷ்டமடைகிறார். மய்யித்தின் கடனோ தீராமலே நிற்கிறது.

ஆகவே, உயிருடன் உள்ளபோதே கடன்களைச் சாட்சிகளுடன் எழுதி வைப்போம். பாகப்பத்திரம் எழுதுமுன் கடன், மஹர் ஆகியவற்றின் கணக்கை முடிப்போம். வேறு வழியில்லையெனில் ஒரு மனையை விற்றேனும் தீர்ப்போம். பெற்றோர் விட்டுச் சென்ற சுமையை இறக்கி வைப்பதும் பிள்ளைகளின் கடமையன்றோ!

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையற்றவர்களாகத் தன்னிடம் அழைத்துக் கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.